டெக்சாஸ் வீட்டுக் கரண்ட்: 9.9 சென்ட் பிளானை எடுத்துடலாமா?

கேள்வி, 2025 ஏப்ரல் 12

அண்ணா, போன மாசம்தான் சென்னையிலிருந்து டல்லாஸ் பக்கத்து இர்விங் வந்தோம். ரெண்டு பெட்ரூம் அபார்ட்மெண்ட், நாங்க ரெண்டு பேர், ஒரு குழந்தை. லீசிங் ஆபீஸ்ல "கரண்ட் நீங்களே பார்த்துக்கணும்"னு சொல்லிட்டாங்க. அவசரத்துக்கு மாசாமாசம் மாறுற பிளான் ஒண்ணு எடுத்து ஓட்டிக்கிட்டிருக்கேன். இப்போ கரண்ட் பிளான்களை ஒப்பிட மாநில அரசு நடத்துற பவர் டு சூஸ் தளத்துல பார்த்தா பக்கம் பக்கமா பிளான் வருது. முதல்ல நிக்கறது யூனிட் 9.9 சென்ட். கீழே போகப் போக 14, 15னு ஏறுது. வர்றது அதே கம்பி, அதே கரண்ட்தானே? கண்ணை மூடிட்டு முதல் பிளானை எடுத்துடலாமா?

2025 ஏப்ரல் 12, இரவு

கொஞ்சம் பொறுங்க தம்பி. மாதம் 1000 யூனிட் ஓடினால் சராசரியாக யூனிட்டுக்கு எவ்வளவு விழும் என்பதுதான் அந்த 9.9. உங்கள் வீட்டில் 1000 ஓடுமா என்று அந்தத் தளத்துக்குத் தெரியாது.

பிளானுக்குப் பக்கத்தில் ஃபேக்ட் ஷீட் என்று ஒரு இணைப்பு இருக்கும், அதைத் திறங்கள். இங்கே எல்லாரும் இ.எஃப்.எல். (எலெக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபல்) என்று சொல்வது அதைத்தான். எந்த கம்பெனியாக இருந்தாலும் இந்தத் தாளைக் கொடுத்தே ஆக வேண்டும், சட்டம். மேலே 500, 1000, 2000 யூனிட்டுக்கு மூன்று சராசரி விலை போட்டிருப்பார்கள். அதை விட்டுவிட்டு அதற்குக் கீழே உள்ள வரிகளுக்குப் போங்கள். யூனிட்டுக்கு எனர்ஜி சார்ஜ் எவ்வளவு, மாதாந்தர பேஸ் சார்ஜ் உண்டா, கம்பிக்காரனுக்கு, அதாவது வீடு வரை கம்பி இழுத்து வைத்திருக்கும் தனிக் கம்பெனிக்கு, போகும் டெலிவரி சார்ஜ் எவ்வளவு, 'இத்தனை யூனிட்டைத் தொட்டால் இத்தனை டாலர் கிரெடிட்' என்று ஏதாவது வரி இருக்கிறதா. அந்தக் கிரெடிட் வரியில்தான் மொத்த சூட்சுமமும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். எண்கள் நான் வைத்தவை. அச்சு மட்டும் இந்தப் பக்கம் புழங்கும் பிளான்களுடையது. எனர்ஜி சார்ஜ் 14 சென்ட். டெலிவரிக்கு மாதம் 4 டாலர், யூனிட்டுக்கு 5.5 சென்ட். 1000 யூனிட்டைத் தொட்டால் 100 டாலர் கிரெடிட். 1000 ஓடினால் 140, 55, 4 சேர்த்து 199, கிரெடிட் போக 99 டாலர். சராசரி 9.9 சென்ட், பட்டியலில் முதலிடம். 500 ஓடினால் 101 டாலர் 50 சென்ட், சராசரி 20.3. 999 யூனிட்டில் நின்றுவிட்டால் ஏறக்குறைய 199 டாலர். ஒரே ஒரு யூனிட் குறைந்ததற்கு 100 டாலர் போய்விடுகிறது.

கிரெடிட் ஏதும் இல்லாமல் எனர்ஜி சார்ஜ் 8.8 சென்ட் என்று ஒரு சாதா பிளான் இருந்தால் 500க்கு 15.1, 1000க்கு 14.7, 2000க்கு 14.5 வரும். இது பட்டியலில் எங்கோ கீழே கிடக்கும், யாரும் அவ்வளவு தூரம் இறங்கிப் பார்ப்பதில்லை. அதே தளத்தில் குறைந்தபட்சப் பயன்பாட்டுக் கட்டணமோ கிரெடிட்டோ உள்ள பிளான்களைக் காட்டாதே என்று ஒரு வடிகட்டி உண்டு. முதலில் அதை அமுக்குங்கள். பட்டியல் பாதியாகச் சுருங்கும், உங்கள் குழப்பமும் சுருங்கும்.

உங்கள் வீட்டில் மாதம் எவ்வளவு ஓடும் என்று தெரியாமல் இதற்கு மேல் சொல்ல முடியாது. அதே பிளாக்கில் அதே அளவு வீட்டில் இருக்கும் யாரிடமாவது ஒரு வருஷ பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

2025 ஏப்ரல் 13

ஊரிலிருந்து புதிதாக வருபவர்கள் இதில் விழுவது ஏன் என்று நேற்று முழுக்க யோசித்தேன். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், முதல் 100 யூனிட் இலவசம், 500ஐத் தாண்டினால் ரேட் எகிறும். குறைவாக எரித்தால் குறைவாகக் கட்டலாம் என்பது நம் ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் அப்பா போடும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இந்தக் கிரெடிட் பிளான்கள் அதை அப்படியே திருப்பிப் போடுகின்றன. சிக்கனமாக இருப்பவருக்குத்தான் யூனிட் விலை அதிகம். சிறிய வீட்டில் இருக்கிற, கணக்குப் பார்த்து விளக்கை அணைக்கிற குடும்பத்திடம் 20 சென்ட் வாங்கும் ஒரு பிளானைப் பட்டியலின் உச்சியில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. சட்டப்படி சரிதான். இருந்தாலும் மனசு ஒப்பவில்லை.

2025 ஏப்ரல் 14

தம்பி கெட்டிக்காரர், மேல்மாடிக்காரரிடம் வாங்கி அனுப்பிவிட்டார். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை: 1050, 900, 550, 500, 700, 950, 1100, 1150, 900, 600, 550, 850. மொத்தம் 9800 யூனிட். ஜனவரியில் ஏறியிருப்பதைப் பார்த்தால் சூடேற்றுவதும் கரண்டில்தான், கேஸ் கிடையாது. இந்தப் பக்கம் அபார்ட்மெண்ட்களில் அது சகஜம்.

1000ஐத் தொட்டது ஜனவரி, ஜூலை, ஆகஸ்ட் மூன்றே மாதம். நேற்று முன்தினம் போட்ட மாதிரி ரேட்டில் கிரெடிட் பிளானுக்கு வருஷத்துக்கு 1659 டாலர், சாதா பிளானுக்கு 1449 டாலர். பட்டியலில் 9.9 என்று நிற்பது அவர் வீட்டில் ஏறக்குறைய 17 சென்ட், 14.7 என்று நிற்பது 14.8 சென்ட். ஜூன் மாதத்தையும் பாருங்கள். 950 ஓடியிருக்கிறது. இன்னும் 50 யூனிட் எரித்திருந்தால் அதன் விலை போக 90 டாலர் மிச்சம். இப்படி ஒரு பிளானை எடுத்துவிட்டு மாதக் கடைசியில் ஏசியை வேண்டுமென்றே ஓடவிடுபவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிளானே அப்படிச் செய்யச் சொல்கிறது.

சாதா பிளானையே எடுங்கள். பன்னிரண்டு எண்களை ஒரு விரிதாளில் போட்டு நான்கைந்து இ.எஃப்.எல். ரேட்டுகளோடு பெருக்கிப் பார்க்க அரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

2025 ஏப்ரல் 16

ஹூஸ்டன் பக்கத்து கேட்டி ஊரிலிருந்து ஒரு அக்கா காட்டமாக எழுதியிருக்கிறார். "எங்க வீட்ல வருஷக்கணக்கா கிரெடிட் பிளான்தான், எங்களுக்கு அதுதான் மலிவு. எல்லாரையும் பயமுறுத்தாதீங்க." அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது, கணக்கு போட்டே பார்த்துவிட்டேன்.

பெரிய வீடு, வருஷத்துக்கு 18000 யூனிட், பன்னிரண்டு மாதமும் 1000க்கு மேல் என்று வைப்போம். கிரெடிட் பிளானுக்கு 2358 டாலர், சாதா பிளானுக்கு 2622 டாலர். 264 டாலர் லாபம், சந்தேகமே இல்லை. அவர் வீட்டில் நீச்சல் குளம் மோட்டார் வருஷம் முழுக்க ஓடுகிறதாம், மார்ச்சில்கூட 1000ஐத் தாண்டிவிடுமாம். அப்படிப்பட்ட வீட்டுக்கு அவர் சொல்வது சரி.

எத்தனை மாதம் தவறலாம் என்பதுதான் கேள்வி. ஒரு மாதம் தவறினால் 100 டாலர் போகும், இரண்டு தவறினாலும் இன்னும் 64 டாலர் கையில் நிற்கும். மூன்றாவது மாதம் தவறினால் சாதா பிளான் ஜெயித்துவிடும். ஆக இந்தப் பிளானை எடுக்கும் முன் போன வருஷத்தின் மிகக் குறைந்த மூன்று மாதங்களைப் பாருங்கள். டல்லாஸ் பக்கம் அது பெரும்பாலும் மார்ச், ஏப்ரல், நவம்பர். அவை 1000க்கு நன்றாக மேலே இருந்தால் தைரியமாகப் போகலாம். 1020, 1040 என்று விளிம்பில் நின்றால் வேண்டாம். பில் சுழற்சி காலண்டர் மாதம் கிடையாது. ஒரு தடவை 28 நாள் வரும், இன்னொரு தடவை 32 நாள் வரும். குளிரும் வெயிலும் இல்லாத 28 நாள் சுழற்சி ஒன்று வந்தால் 1040 அப்படியே 940 ஆகிவிடும்.

2025 ஏப்ரல் 17

ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிற்று. ஊருக்குப் போகும் மாதம்! நம்மவர்கள் ஜூன், ஜூலையிலோ டிசம்பரிலோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு மாதம் போய்விடுவோம். வீடு பூட்டிக் கிடக்கும், தெர்மோஸ்டாட்டை 85 டிகிரி ஃபாரன்ஹீட்டில் விட்டுவிட்டுப் போவோம். அந்த மாதம் 1000 ஓடாது. கிரெடிட் பிளான்காரர்கள் விமான டிக்கெட் செலவோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2025 ஏப்ரல் 20

ஃப்ரிஸ்கோ நண்பர் ஒருவர், "கரண்ட் கம்பெனித் தளத்தில் என் முகவரியைப் போட்டால் எந்தப் பிளானும் வரவில்லை, தளம் கெட்டுப்போச்சா?" என்று கேட்கிறார். தளம் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் வீடு கோசர்வ் எல்லையில் இருக்கும். அது கூட்டுறவு அமைப்பு. ஃப்ரிஸ்கோவில் ஒரு பகுதிக்கு ஆன்கோர் என்ற கம்பிக்காரன், இன்னொரு பகுதிக்கு கோசர்வ். ஆன்கோர் பகுதிக்காரர் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கலாம், கோசர்வ்காரருக்குத் தேர்வே கிடையாது.

டெக்சாஸ் முழுக்கச் சந்தை திறந்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1999இல் சட்டம் வந்து 2002 ஜனவரி 1 முதல் திறந்தபோது, நகராட்சிகளும் கூட்டுறவுகளும் சேர்வதா வேண்டாமா என்பதை அவற்றின் விருப்பத்துக்கே விட்டார்கள். பெரும்பாலானவை சேரவில்லை. ஆஸ்டினில் ஆஸ்டின் எனர்ஜி, சான் அன்டோனியோவில் சி.பி.எஸ்., இரண்டும் நகராட்சியுடையவை, வேறு வழியில்லை. ஆஸ்டினுக்கு வடக்கே சீடர் பார்க் பெடர்நாலிஸ் கூட்டுறவு. டல்லாஸ் பக்கம் கார்லண்டும் டென்டனும் நகராட்சி. எல் பாசோ, டெக்சாஸின் பெரும்பகுதிக்கு மின்வலையை நடத்தும் எர்காட் அமைப்பின் வலையிலேயே இல்லை. லப்பக் நகரம் மட்டும் 2024இல் புதிதாகச் சேர்ந்து மக்களுக்குத் தேர்வைக் கொடுத்தது.

வீடு வாங்கப் போகிறவர்கள் பள்ளிக்கூட ரேட்டிங் பார்க்கும்போது இதையும் பாருங்கள். நல்லதா கெட்டதா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கூட்டுறவில் இருக்கும் பல பேர் நிம்மதியாக இருக்கிறார்கள், வருஷா வருஷம் பிளான் தேடும் வேலை அவர்களுக்கு இல்லை.

2025 ஏப்ரல் 26

'ராத்திரி இலவசம்' பிளான் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கேட்கும்போதே இனிக்கிறது, இரவு 9லிருந்து காலை வரை கரண்ட் காசில்லை. அந்தக் காசைப் பகல் யூனிட்டில் ஏற்றிவிடுவார்கள்.

மாதிரிக்குப் பகல் யூனிட் எல்லாம் சேர்த்து 26 சென்ட், இரவு பூஜ்யம் என்று வையுங்கள். சாதா பிளான் 14.5 சென்ட். உங்கள் மொத்த யூனிட்டில் 44 சதவீதத்துக்கு மேல் இலவச நேரத்தில் ஓடினால்தான் ராத்திரி பிளான் ஜெயிக்கும். ஒன்று கவனியுங்கள், சில பிளான்களில் இரவு யூனிட்டுக்கு எனர்ஜி சார்ஜ் மட்டும்தான் பூஜ்யம், டெலிவரி சார்ஜ் கட்டியாக வேண்டும். இ.எஃப்.எல்.லில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

உங்கள் வீட்டு 44 சதவீதத்தை ஊகிக்க வேண்டாம். ஸ்மார்ட் மீட்டர் டெக்சாஸ் என்ற தளத்தில் கணக்கு தொடங்கினால் மீட்டரின் 15 நிமிடக் கணக்கு அத்தனையும் கிடைக்கும், இலவசம். பில்லில் உள்ள இ.எஸ்.ஐ. எண்ணும் (உங்கள் இணைப்பின் அடையாள எண்) மீட்டர் எண்ணும் வேண்டும். நான் என் பிளேனோ வீட்டுக் கணக்கை இறக்கிப் பார்த்தபோது அசந்துபோனேன். ஆகஸ்டில் மாலை 4லிருந்து 8 வரை 15 நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 யூனிட், இடைவெளியே இல்லாமல். ஏசி ஒரு நிமிடம்கூட ஓயவில்லை. நடு இரவில் அதே 15 நிமிடத்துக்கு 0.2, 0.3தான். ஜனவரியில் உறைநிலைக்குக் கீழே போன ஒரு விடியற்காலையில் 2.5 வரை ஏறியிருந்தது. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுக்கும் ஹீட் பம்ப் தாங்காமல் உள்ளே இருக்கும் ஹீட்டர் கம்பி எரிய ஆரம்பித்தால் அப்படித்தான். அன்று எங்களுக்குக் குளிர் தெரியவே இல்லை, மீட்டருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

என் வீட்டில் இரவுப் பங்கு 44க்குக் கிட்டேகூட வரவில்லை. மின்கார் வைத்து இரவில் சார்ஜ் போடுபவர்களுக்கு அது சுலபமாகத் தாண்டும், அவர்கள் இதைக் கட்டாயம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2025 மே 3

ஊரிலிருந்து வந்திருக்கும் ஒரு அம்மா மகள் மூலமாகக் கேட்கிறார்: "கிரைண்டர் ஓடினா பில் ஏறுமா? மருமகன் முன்னாடி போடவே பயமா இருக்கு." அம்மா, தாராளமாகப் போடுங்கள்! டேபிள்டாப் கிரைண்டர் 150 வாட்டைச் சுற்றித்தான் இழுக்கும். அரை மணி நேரம் அரைத்தால் 0.075 யூனிட், ஒரு சென்ட்டைத்தான் தொடும். துணி உலர்த்தும் டிரையர் ஒரு தடவை ஓடினால் அதைப்போல முப்பது நாற்பது மடங்கு. வெயில் நன்றாக அடிக்கும் ஊர்தானே, கொல்லையில் கொடி கட்டலாமா என்று மருமகனிடம் கேளுங்கள். சில குடியிருப்புச் சங்கங்கள் முகம் சுளிக்கும், அதையும் விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

2025 மே 11

இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பிளான் முடியும் தேதி.

எங்கள் தெருவில் வயதான தம்பதி இருக்கிறார்கள். பிள்ளைகள் கலிஃபோர்னியாவில். மகன் வந்தபோது ஒரு வருஷப் பிளான் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அறிவிப்பெல்லாம் மகனின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது, அவர் கவனிக்கவில்லை. ஜூலை நடுவில் பிளான் முடிந்தது. முடிந்தால் கரண்டை வெட்ட மாட்டார்கள். மாதாமாதம் மாறும் ரேட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். வெயில் உச்சத்தில், ஏசி நிற்காமல் ஓடும்போது, யூனிட் விலையும் கூடிப்போயிற்று. பெரியவர் பில்லை எடுத்துக்கொண்டு வந்து, "நாங்க ஒண்ணும் புதுசா வாங்கலையே" என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்லவே கஷ்டமாக இருந்தது. அன்று மாலையே வேறு பிளானுக்கு மாற்றிக் கொடுத்தேன். அந்த இரண்டு பில் போனது போனதுதான்.

2021க்குப் பிறகு, நிலையான ரேட் பிளான் முடியப்போவதை மூன்று முறை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அறிவிப்பு யாருக்குப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டியது நாம். பெற்றோருக்குப் போட்டுக் கொடுப்பவர்கள் முடிவுத் தேதியைக் கைப்பேசிக் காலண்டரில் ஒரு மாதம் முன்னதாகவே போட்டு வையுங்கள்.

முடியும் தேதிக்கு 14 நாள் இருக்கும்போதிலிருந்து வேறு கம்பெனிக்கு மாறினால் பாதியில் விலகும் அபராதம் வாங்கக் கூடாது, இதுவும் விதி. வீடே மாறிப்போனாலும் அபராதம் கிடையாது, புது முகவரிக்கு ஆதாரம் காட்டினால் போதும்.

இன்னொன்று, பழைய கம்பெனி அனுப்பும் புதுப்பிப்பு விலையை அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வந்த கடிதத்தில் இருந்த ரேட்டைவிட அதே கம்பெனி புது ஆட்களுக்குத் தளத்தில் காட்டிய ரேட் குறைவு. கூப்பிட்டுக் கேட்டதும் இறங்கி வந்தார்கள். கேட்காதவர் கட்டிக்கொண்டிருப்பார்.

எந்த மாதத்தில் முடியும்படி எடுப்பது என்பதும் காசுதான். கோடையில் புதுப் பிளான்களின் விலை பொதுவாகக் கூடும். வசந்தத்திலும் அக்டோபர் பக்கமும் தணியும். ஜூலையில் வீடு மாறுபவர் கண்ணை மூடிக்கொண்டு 12 மாதம் எடுத்தால் அடுத்த ஜூலையிலும் உச்ச விலையில்தான் தேடுவார். 9 மாதமோ 15 மாதமோ எடுத்து முடிவைப் பருவம் மாற்றிக்கொள்ளலாம்.

2025 மே 12

நேற்றையதோடு சேர்க்க: பழைய கம்பெனியைக் கூப்பிட்டு ரத்து செய்யாதீர்கள். புதுக் கம்பெனியில் பதிந்தால் போதும், மாற்றத்தை எர்காட் வழியாக அவர்களே செய்துவிடுவார்கள். யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள், ஒரு விநாடிகூட கரண்ட் போகாது. பதியும்போது 'ஸ்விட்ச்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'மூவ் இன்' என்பது புதிதாகக் குடிவருபவருக்கு.

கடை வாசலில் மேசை போட்டு, "உங்க பில்லைக் காட்டுங்க, மிச்சம் பண்ணித் தரோம்" என்பவர்களிடம் பில்லைக் கொடுக்காதீர்கள். மாற்றத்துக்கு வேண்டிய எண் அதில்தான் இருக்கிறது. அவசரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், மாறும்போது மூன்று வேலை நாளுக்குள் அபராதமின்றி ரத்து செய்யும் உரிமை உண்டு.

2025 ஜூன் 1

"மொத்தச் சந்தை விலைக்கே கரண்ட் தரும் பிளான் முன்னே இருந்ததாமே, இப்போ எங்கே?" என்று ஆலன் நகரத்து நண்பர் கேட்கிறார். இருந்தது. கிரிடி என்ற கம்பெனி மாதம் 9.99 டாலர் சந்தா வாங்கிக்கொண்டு மொத்தச் சந்தை விலையை அப்படியே வீட்டுக்கு விட்டது. சாதாரண நாட்களில் உண்மையிலேயே மலிவு. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் மொத்தச் சந்தை விலை உச்சவரம்பான மெகாவாட் மணிக்கு 9000 டாலரைத் தொட்டு நாட்கணக்கில் அங்கேயே நின்றது. யூனிட்டுக்கு 9 டாலர்! குளிருக்கு ஹீட்டர் போட்டு ஒரு நாளில் 40 யூனிட் எரித்த வீட்டுக்கு அன்றைக்கு மட்டும் 360 டாலர். ஆயிரக்கணக்கில் பில் வந்தவர்களின் கதை அப்போது எல்லாச் செய்தியிலும் ஓடியது. அந்தக் கம்பெனி மார்ச்சில் திவாலானது. அதே வருஷம் இந்த மாதிரிப் பிளானை வீடுகளுக்கு விற்கவே கூடாது என்று சட்டம் போட்டார்கள். மொத்தச் சந்தை உச்சவரம்பையும் பிறகு 5000க்கு இறக்கினார்கள்.

அந்த வாரம் கரண்ட் போனதற்கும் பிளானுக்கும் சம்பந்தமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விலை கொடுத்தவர், கொடுக்காதவர், பச்சை மின்சாரம் வாங்கியவர் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரிதான் போனது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருட்டில் இருந்தன, அரசுக் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். எங்கள் வீட்டில் குழாய் வெடிக்காமல் இருக்க இரவெல்லாம் தண்ணீரைச் சொட்டவிட்டு, சமையலறை கேஸ் அடுப்பில் மாறி மாறி வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தோம். கேஸ் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் எங்களோடு வந்து படுத்தார்கள். விலை உயர்ந்த கம்பெனியை எடுத்தால் கரண்ட் போகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரம் விழுந்து கம்பி அறுந்தாலும் கூப்பிட வேண்டியது டல்லாஸ் பக்கம் ஆன்கோரை, ஹூஸ்டனில் சென்டர்பாயிண்டை. பில் அனுப்பும் கம்பெனிக்கு ஒரு கம்பம்கூடச் சொந்தமில்லை.

2025 ஜூன் 2

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "கம்பெனி திவாலானால் கரண்ட் நின்றுவிடுமா?" என்று பதறி எழுதியிருக்கிறார் ஒருவர். நிற்காது. கடைசிப் புகலிடமாக ஒரு கம்பெனியிடம் உங்களைத் தானாக ஒப்படைத்துவிடுவார்கள். அங்கே ரேட் அதிகம். எந்த அபராதமும் இல்லாமல் அன்றே வெளியேறலாம். கடிதம் வந்ததும் தாமதிக்காமல் வேறு பிளான் எடுங்கள்.

2025 ஜூன் 21

புதிதாக வந்த மாணவர்களுக்கு. இந்த நாட்டில் கடன் வாங்கிக் கட்டிய வரலாறு (கிரெடிட் ஹிஸ்டரி) இல்லை என்று நிறைய கம்பெனிகள் டெபாசிட் கேட்கும். பதறி ப்ரீபெய்டு பிளானுக்குள் போய்விடுகிறீர்கள். ப்ரீபெய்டில் டெபாசிட் தொல்லை இல்லை, உண்மை. இருப்பில் காசு தீர்ந்தால் கரண்டை வெட்டுவது சீக்கிரம் நடக்கும், ரேட்டும் பெரும்பாலும் அதிகம். கையில் பணம் இருந்தால் டெபாசிட் கட்டி நிலையான ரேட் எடுப்பதே நல்லது. தவணை தவறாமல் 12 பில் கட்டினால் டெபாசிட்டை வட்டியோடு திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். நாலு பேர் ஒரு வீட்டில் இருந்தால் கணக்கு யார் பெயரில் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். ஒருவர் ஊருக்குப் போய்விட்டால் மற்றவர்கள் இருட்டில் நிற்கக் கூடாது.

2025 செப்டம்பர் 6

"நிலையான ரேட்னு சொல்லி ஏத்திட்டாங்க" என்று இரண்டு பேர் பில்லைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டிலும் எனர்ஜி சார்ஜ் மாறவில்லை, டெலிவரி வரிதான் மாறியிருக்கிறது. அது கம்பிக்காரனுக்குப் போகும் காசு, மாநில ஆணையம் ஒப்புதல் கொடுப்பது. பெரும்பாலும் மார்ச்சிலும் செப்டம்பரிலும் மாறும். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இது இதேதான். நிலையான ரேட் என்றால் கம்பெனி தன் பங்கை ஏற்றக் கூடாது என்று பொருள். ஆக பிளான்களை ஒப்பிடும்போது டெலிவரி ரேட் ஒன்றுதானா என்று பாருங்கள். சில நாள் முன்பு போட்ட இ.எஃப்.எல்.லில் பழைய டெலிவரி ரேட் இருந்தால் அந்தப் பிளான் மலிவு போலத் தெரியும்.

ஏப்ரலில் நான் வைத்த 5.5 சென்ட் மாதிரி எண்தான். உங்கள் கணக்குக்கு இந்த மாத பில்லில் இருப்பதைப் போடுங்கள்.

2025 செப்டம்பர் 14

கூரையில் சோலார் போட ஆள் வந்து போயிருக்கிறார், கையெழுத்துப் போடலாமா என்று ஹூஸ்டன் பக்கத்து சுகர்லேண்டிலிருந்து ஒரு நண்பர் கேட்கிறார். இன்னும் போடாதீர்கள். "மிச்சக் கரண்டை வலைக்குக் கொடுத்தால் மீட்டர் பின்னாடி சுத்தும்" என்று சோலார்காரர் சொன்னாராம். டெக்சாஸில் மாநிலம் முழுக்க அப்படி ஒரு விதி கிடையாது. நீங்கள் அனுப்பும் யூனிட்டுக்கு என்ன தருவது என்பது கரண்ட் கம்பெனியின் பிளானைப் பொறுத்தது. சிலர் வாங்கும் விலைக்கே எடுத்துக்கொள்வார்கள், மாதத்துக்கு ஒரு வரம்பு வைத்து. சிலர் மொத்தச் சந்தை விலை தருவார்கள், நடுப்பகலில் அது சல்லிக் காசாக இருக்கும். சிலர் ஒன்றுமே தர மாட்டார்கள். பேனலுக்குக் கடன் இருபது இருபத்தைந்து வருஷம் ஓடும், அந்தத் திரும்ப வாங்கும் பிளான் ஒன்றிரண்டு வருஷத்தில் முடிந்துவிடும். சோலார்காரர் காட்டும் மிச்சக் கணக்கில் எந்தக் கம்பெனியின் எந்தப் பிளான் என்று கேட்டு, அதன் இ.எஃப்.எல்.லைக் கையில் வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் பேச்சு அதோடு முடிந்தது.

ஹூஸ்டன் பக்கம் பேனல் போட்டுப் பிளான் புதுப்பித்தவர்கள் யாராவது இருந்தால், புதுப்பித்தபோது திரும்ப வாங்கும் விலை எவ்வளவு மாறியது என்று இங்கே எழுதுங்கள். சுகர்லேண்ட் நண்பர் அடுத்த வாரம் முடிவு சொல்ல வேண்டுமாம்.